பள்ளிக்கூடக் கூரைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம், பொங்கலூர், உடுமலைப் பக்கமெல்லாம் எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சீமை ஓடு வேய்ந்த கட்டடத்தில் அந்தக் காற்று ஒவ்வொரு ஓட்டையும் விரற்கடை அளவு நகர்த்திவிட்டுப் போகும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஐப்பசியில் மழை பிடித்ததும் தெரியும்.

என் மகள் படிக்கும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் அப்படி ஓர் ஐப்பசித் திங்கட்கிழமை. மூன்றாம் வகுப்பறையில் நடுவாக ஒரு பிளாஸ்டிக் பக்கெட், கரும்பலகைக்குக் கீழே ஒரு அண்டா. பிள்ளைகள் எல்லோரும் திண்ணையில். பெற்றோர்கள் பெரும்பான்மையாக இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் அந்த வருடம்தான் என்னைச் சேர்த்திருந்தார்கள். கூட வந்த அக்கா ஒருவர் தலைமையாசிரியரைப் பார்த்து, "ஏனுங்க டீச்சர், கவர்மெண்டுதான் பள்ளிக்கூடத்துக்குப் பணம் தருதுங்களே, அதுல நாலு ஓடு மாத்த முடியாதுங்களா?" என்று கேட்டார். டீச்சர் கோபப்படவில்லை. "எந்தப் பணத்தக் கேக்கறீங்கம்மா?" என்றார்.

எனக்கு அந்தப் பதில் புரியவே ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடத்தில் தெரிந்துகொண்டதைத்தான், இந்த விஷயத்தில் முதல் அடி எடுத்து வைக்கும் பெற்றோருக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பேச்சில் நாம் எல்லாவற்றையும் 'பள்ளிக்கூடத்தைச் சரி பண்ணுவது' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அரசுக் கணக்கில் அது மூன்று வேலை. புதிதாகக் கட்டுவது ஒன்று. உடைந்ததைப் பழுது பார்ப்பது இன்னொன்று. உடையாமல் வைத்துக்கொள்வது, அதாவது பராமரிப்பு, மூன்றாவது. நம் வீட்டிலும் அப்படித்தானே. வீடு கட்ட வங்கியில் கடன் வாங்குவோம். சுவர் இடிந்தால் நகையை அடகு வைப்போம். தைப் பொங்கலுக்குக் காப்புக் கட்டுவதற்கு முன்பு வெள்ளையடிப்பதற்கு மாதச் சம்பளத்தில்தான் எடுப்போம். வெள்ளையடிக்க யாரும் வங்கிக்குப் போவதில்லை. அரசிலும் புதுக் கட்டடம் மூலதனச் செலவு, அதாவது சொத்து உருவாக்கும் செலவு. பராமரிப்பு வருவாய்ச் செலவு, அதாவது வருடா வருடம் ஆகும் நடைமுறைச் செலவு. இரண்டும் வேறு வேறு தலைப்பில் வருகின்றன. ஒரு தலைப்பில் வந்த பணத்தை இன்னொன்றுக்கு எடுத்துச் செலவு செய்தால் தணிக்கையில் தலைமையாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இதில் ஒரு வருத்தமான உண்மையையும் சொல்ல வேண்டும். மூன்றில் மிகக் குறைவாகப் பணம் வருவது பராமரிப்புக்குத்தான். புதுக் கட்டடத்துக்குக் கல்வெட்டு உண்டு, திறப்பு விழா உண்டு. மொட்டை மாடியில் அடைத்துக் கிடக்கும் வேப்பிலையை அள்ளிப் போட்டதற்குக் கல்வெட்டு கிடையாது. ஆனால் கட்டடம் 50 வருடம் நிற்குமா, 20 வருடத்தில் இடிக்க வேண்டி வருமா என்பதைப் பெரும்பாலும் அந்த வேப்பிலைதான் முடிவு செய்கிறது. எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பெயர்ப் பலகையைப் படியுங்கள்

யாரிடம் கேட்பது என்பதற்கு விடை பள்ளி வாசலிலேயே எழுதியிருக்கிறது. 'ஊராட்சி ஒன்றிய' என்று பெயர் தொடங்கினால் அந்தக் கட்டடம் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. பாடம், ஆசிரியர், தேர்வு எல்லாம் பள்ளிக் கல்வித் துறை. கூரையும் சுவரும் ஊரக வளர்ச்சித் துறை. வட்டாரக் கல்வி அலுவலரிடம் மட்டும் மனுக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கும் பெற்றோர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் பரிந்துரைக்கத்தான் முடியும். பார்க்க வேண்டியவர் பி.டி.ஓ. என்று நாம் சொல்லும் வட்டார வளர்ச்சி அலுவலர். எஸ்டிமேட், அதாவது வேலைக்கு எவ்வளவு செலவாகும் என்ற மதிப்பீடு, போடுகிறவர்கள் அந்த அலுவலகத்தில் இருக்கும் பொறியாளரும் ஓவர்சியரும்.

'அரசு உயர்நிலைப் பள்ளி', 'அரசு மேல்நிலைப் பள்ளி' என்றிருந்தால் கட்டட வேலை பொதுவாகப் பொதுப்பணித்துறை வழியாக நடக்கும். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் போன்ற ஊர்களில் 'மாநகராட்சி' என்று தொடங்கும் பள்ளிகளுக்கு மாநகராட்சிதான் வீட்டுக்காரர். நகரத்தில் சொத்து வரி கட்டும் ரசீதை எடுத்துப் பாருங்கள், அதில் கல்வி வரி என்று ஒரு பகுதி இருக்கும். உள்ளாட்சிப் பள்ளிகளுக்காகவே வாங்கப்படும் வரி அது. வீட்டு வாடகையோடு மறைமுகமாக அதை நாமும்தான் கட்டுகிறோம், குடியிருப்பவர் என்பதால் கேட்கும் உரிமை இல்லாமல் போய்விடாது.

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும், ஏற்காடு, கொல்லிமலை, தாளவாடி, நீலகிரி மலைகளில் இருக்கும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் கீழ் வருகின்றன. அங்கே கட்டட வேலைகளில் அந்தத் துறையின் கீழ் இயங்கும் தாட்கோ என்ற அரசு நிறுவனத்தின் பெயரை அடிக்கடி கேட்பீர்கள். அரசு உதவி பெறும் பள்ளி என்றால் ஆசிரியர் சம்பளம் அரசு தருகிறது, கட்டடம் நிர்வாகத்தின் பொறுப்பு. இந்த ஒன்று பலருக்குத் தெரியாது. 'அரசு உதவி' என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு, கூரைக்கும் அரசுதான் உதவும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

இன்னொரு சிக்கல். ஒரே வளாகத்துக்குள் மூன்று கூரை இருக்கும், மூன்றுக்கும் ஒரே ஆள் பொறுப்பு என்று சொல்ல முடியாது. எங்கள் பள்ளியில் வகுப்பறைக் கட்டடம் ஒன்றியத்துடையது. பின்னால் இருக்கும் சத்துணவுக் கூடம் சமூக நலத்துறைத் திட்டத்தின் கீழ் வருவது. காம்பவுண்டு ஓரமாக இருக்கும் அங்கன்வாடி, குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தைச் சேர்ந்தது. மழைத் தண்ணீர் மூன்றிலும் ஒரே மாதிரிதான் ஒழுகும். ஆனால் மனுவில் "பள்ளிக் கட்டடம் ஒழுகுகிறது" என்று பொதுவாக எழுதினால் மூன்று அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டும். எந்தக் கூரை என்று எழுத வேண்டும்.

பள்ளி மானியம்: தலைக்கணக்கில் வரும் பணம்

டீச்சரிடம் இருந்த ஒரே பணம், பள்ளி மானியம். 2018-ல் அனைவருக்கும் கல்வி இயக்கம், இடைநிலைக் கல்வித் திட்டம் எல்லாவற்றையும் ஒன்றாக்கி 'சமக்ர சிக்ஷா' என்று மத்திய அரசு கொண்டுவந்தது. தமிழில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி. அதில் தமிழ்நாட்டுக்கு மத்திய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் வருடம் ஒருமுறை தரப்படும் தொகை அந்தத் திட்டத்திலிருந்துதான் வருகிறது.

தொகை எவ்வளவு என்பதைப் பிள்ளைகள் எண்ணிக்கை முடிவு செய்கிறது. 30 பேர் வரை இருந்தால் 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 250 வரை 50,000. 1,000 வரை 75,000. அதற்கு மேல் போனால் ஒரு லட்சம். இதில் குறைந்தது 10 சதவீதத்தைத் தூய்மைப் பணிக்கு ஒதுக்க வேண்டும். மீதியில் சுண்ணக்கட்டி, பதிவேடு, மின்சாரம், தண்ணீர்க் குழாய், விளையாட்டுச் சாமான், பழுதான மின்விசிறி, கழிப்பறைக் கதவு, அப்புறம் கட்டடத்தின் வருடாந்திரச் சின்னப் பழுது.

எங்கள் பள்ளியில் அப்போது 80 பேருக்குக் கொஞ்சம் குறைவு. ஆக 25,000. டீச்சர் செலவுப் பதிவேட்டைக் கூட்டத்தில் எங்கள் முன்னால் திறந்து வைத்தார். மோட்டார் பம்பு ரிப்பேர், கழிப்பறை சுத்தம் செய்யும் சாமான், இரண்டு டியூப் லைட், ஒரு கதவுக்குக் கீல், கரும்பலகைக்குப் பெயிண்ட். பக்கம் முடிவதற்குள் பணம் முடிந்திருந்தது. ஓட்டுக்கு என்று ஒரு வரி கூட இல்லை, இருக்கவும் வாய்ப்பில்லை.

இந்த மானியத்தைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பழைய அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் பராமரிப்பு மானியம் என்று தனியாக ஒன்று இருந்தது. மூன்று வகுப்பறை வரை 5,000, அதற்கு மேல் இருந்தால் 10,000 வரை. தொகை சின்னதுதான், ஆனால் அது அறையை எண்ணியது. இப்போதைய மானியம் ஆளை எண்ணுகிறது. மழை ஆளைப் பார்த்துப் பெய்வதில்லை. நம் பக்கம் நடப்பதை யோசித்துப் பாருங்கள். காலையில் மஞ்சள் வேன் வந்து பாதிப் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு போகிறது. 120 பேர் படித்த பள்ளியில் 28 பேர் மிஞ்சுகிறார்கள். மானியம் 50,000-லிருந்து 10,000 ஆகிவிடும். கூரையின் சதுர அடி ஒன்றுகூடக் குறையாது. கூரை ஒழுகினால் இன்னும் நாலு பேர் வேனில் ஏறுவார்கள். பிள்ளைகள் குறைந்த பள்ளியின் கட்டடத்துக்குத்தான் உண்மையில் கூடுதல் பாதுகாப்புத் தேவை, கணக்கு அதற்கு எதிராக ஓடுகிறது. அறைக்கு இவ்வளவு என்று ஒரு தனித் தொகை திரும்ப வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மத்திய, மாநில அரசுகளுக்கிடையே தகராறு வந்தால் இந்தப் பணம் நின்றுபோகும் என்பதையும் பார்த்துவிட்டோம். மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீயையும் புதிய கல்விக் கொள்கையையும் ஏற்பதில் உடன்பாடு இல்லாததால் 2024-25-க்கான சுமார் 2,150 கோடி ரூபாய் அந்த ஆண்டில் தமிழ்நாட்டுக்கு விடுவிக்கப்படவில்லை. தில்லியில் நிற்கும் கோப்புக்கும் கிராமத்துக் கழிப்பறைக் கதவின் கீலுக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது.

எஸ்டிமேட் என்ற நீண்ட பாதை

ஓட்டுக் கூரைக்கு அப்போது என்ன வழி? மானியத்துக்கு அடங்காத, ஆனால் புதுக் கட்டடம் அளவுக்குப் போகாத நடுத்தர வேலைதான் பெரும்பாலான பள்ளிகளின் தலைவலி. ஒன்றிய பொது நிதி, ஊரக வளர்ச்சித் துறையின் குழந்தை நேயப் பள்ளிக் கட்டமைப்புத் திட்டம், சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி, இப்படி எந்தப் பெட்டியிலிருந்து பணம் வந்தாலும் சரி, முதலில் ஒரு எஸ்டிமேட் வேண்டும். எஸ்டிமேட் இல்லாத கோரிக்கை வெறும் பேச்சு.

நாங்கள் செய்தது இது. மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். எந்த அறை, எத்தனை அடிக்கு எத்தனை அடி, எந்த இடத்தில் ஒழுகுகிறது, எந்த மரச் சட்டத்தில் கரையான், எல்லாம் தீர்மானத்திலேயே எழுதினோம். தலைமையாசிரியர் கடிதம் வைத்தார். போட்டோ எட்டு. ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டோம். அந்த முத்திரை நகலை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஓவர்சியர் வந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. ஏணி வைத்து ஏறினார். ஓட்டைத் தாங்கும் மரப் பட்டியான ரீப்பர் ஒன்றை விரலால் அழுத்தினார், விரல் உள்ளே போனது. "ஓடு மாத்தி பிரயோசனமில்லீங்க. ரீப்பர் போயிருச்சு. ரெண்டு சட்டமும் போயிருச்சு. ஓட்ட மட்டும் மாத்துனா அடுத்த ஆடிக்கு எல்லாம் சேந்து கீழ வரும்" என்றார். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, நாலு ஓடு என்று நாங்கள் கேட்டது எவ்வளவு பழைய வியாதியின் வெளித்தோற்றம் என்று. ஓடு நகர்ந்த முதல் வருடமே அதைத் தள்ளி வைத்திருந்தால் ஒரு ஆள் கூலியோடு முடிந்திருக்கும். நாலைந்து மழை ரீப்பருக்குள் இறங்கிய பிறகு வேலை லட்சக் கணக்குக்குப் போய்விட்டது.

எஸ்டிமேட்டுக்கு அப்புறம் நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், வேலை உத்தரவு, வேலை, அளவுப் புத்தகத்தில் அளவு பதிவது, பில். அளவுப் புத்தகத்தை எம்-புக் என்பார்கள். செய்த வேலையின் நீளமும் அகலமும் அதில் ஏறினால்தான் ஒப்பந்ததாரருக்குப் பணம். மேலாண்மைக் குழுவில் இருப்பவர்கள் வேலை நடக்கும்போது அங்கே நின்று பார்க்கலாம், பார்க்க வேண்டும். முக்கியமாக ஒன்றை ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: வேலை முடிந்து எத்தனை காலத்துக்குள் குறை தெரிந்தால் அதே ஒப்பந்ததாரர் தன் செலவில் சரி செய்து தர வேண்டும்? ஒப்பந்தத்தில் அந்தக் காலம் எழுதியிருக்கும். அது முடிவதற்குள் ஒரு மழைக்காலம் வந்து போவது நல்லது. மழைக்குப் பிறகு ஏறிப் பார்த்து, ஈரம் இருந்தால் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். காலம் கடந்தால் அது மறுபடி நம் தலையில்.

பெரிய பணம்

புதுக் கட்டடத்துக்கான பணம் வேறு உயரத்தில் இருக்கிறது. 2022-23 பட்ஜெட்டில் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் என்று அறிவித்தார்கள். ஐந்து ஆண்டுகளில் சுமார் 7,000 கோடி. ஊரில் புதிதாக இரண்டு வகுப்பறை எழும்பியிருந்தால் பெரும்பாலும் இந்தப் பெயரை அதன் பலகையில் பார்க்கலாம். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் கூடுதல் வகுப்பறை, ஆய்வகம் போன்றவற்றுக்கு நபார்டு வங்கியின் ஊரக உள்கட்டமைப்பு மேம்பாட்டு நிதி முக்கியமானது. 1995-96-லிருந்து இருக்கிறது. அது மானியம் இல்லை, மாநில அரசு வாங்கும் கடன். திருப்பிக் கட்ட வேண்டிய கடனில் கட்டிய அறையைப் பராமரிக்காமல் விடுவது இரட்டை நஷ்டம்.

தொகுதி நிதியில் சட்டமன்ற உறுப்பினருக்கு வருடம் 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. இரண்டிலும் கேட்கலாம். நாடாளுமன்ற நிதியின் நோக்கம் நிலையான சொத்தை உருவாக்குவது என்பதால் வகுப்பறை, சுற்றுச்சுவர் என்று கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இடிப்பதற்கும் ஒரு நடைமுறை உண்டு என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக் கொட்டகையில் பிடித்த தீயில் 94 குழந்தைகள் போனார்கள். அதன் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரை பற்றி அரசு கடுமை காட்டியது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அந்த வாரமே மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கச் சொன்னார்கள். நம் மாவட்டங்களிலும் நிறைய இடித்தார்கள். நல்லதுதான், ஒரு பிள்ளையின் உயிரை விடக் கட்டடம் பெரிதில்லை. ஆனால் இடிக்கும் உத்தரவும் கட்டும் உத்தரவும் ஒரே நாளில் வருவதில்லை. நடுவில் இருக்கும் மாதங்களில் பிள்ளைகள் மரத்தடியிலும், சமுதாயக் கூடத்திலும், ஒரே அறையில் மூன்று வகுப்பாகவும் படிக்கிறார்கள். உங்கள் பள்ளியில் ஒரு கட்டடம் இடிக்கும் பட்டியலில் இருந்தால், மாற்று இடம் எது, புது அறைக்கு எந்தத் திட்டத்தில் முன்மொழிவு போயிருக்கிறது என்று இடிப்பதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்.

தண்ணீர் என்ன செய்கிறது

வேப்பிலைக்கு வருகிறேன். காங்கிரீட் கூரை என்றால் ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறோம். அந்தக் கூரைக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, தட்டோடு என்ற தட்டையான ஓட்டைப் பதித்து, தண்ணீர் ஓடும்படி வாட்டம் கொடுத்திருப்பார்கள். மூலையில் தண்ணீர் இறங்கும் குழாய் இருக்கும். பள்ளி என்றால் வேம்போ புங்கையோ பக்கத்தில் நிற்கும். இலை விழுந்து குழாய் வாயை அடைத்துக்கொள்ளும். ஒரு நல்ல மழைக்குக் கணுக்கால் அளவு தண்ணீர் நாள் கணக்கில் நிற்கும். தட்டோட்டின் இணைப்பு வழியாக ஈரம் கீழே இறங்கி, கடைசியில் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடித்தால் பருமன் கூடும். பருத்த கம்பி தன்னைச் சுற்றியிருக்கும் காங்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். கீழே முதலில் ஒரு கோடு தெரியும், அப்புறம் பழுப்புக் கறை, அப்புறம் ஒருநாள் காரை பெயர்ந்து பெஞ்சின் மேல் விழும். அடைத்த இலையை எடுக்க ஐந்து நிமிடம் போதும். துருப்பிடித்த கம்பியைச் சரி செய்யப் பொறியாளர் வேண்டும், லட்சங்கள் வேண்டும், சில நேரம் கட்டடமே போக வேண்டும்.

பல்லடம், உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் கரிசல் மண் இருக்கும் இடங்களில் இன்னொன்றும் உண்டு. அந்த மண் ஈரத்தில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அஸ்திவாரத்தை ஒட்டித் தண்ணீர் தேங்கினால் சுவரில் கோணலாக விரிசல் ஓடும். சுவரைச் சுற்றித் தண்ணீர் நிற்காமல் வெளியே ஓட ஒரு சின்ன வாய்க்கால் வெட்டிவிட்டாலே பாதி காப்பாற்றியது போல. சுவர் விரிசலில் அரசங்கன்று முளைத்திருந்தால் கையால் வரும்போதே பிடுங்கிவிட வேண்டும்.

இதனால்தான் நாங்கள் இப்போது புரட்டாசி பிறந்ததும் ஒரு சனிக்கிழமை பள்ளியைச் சுற்றி வருகிறோம். ஊரில் மேஸ்திரியாக இருந்த பெரியவர் ஒருவர் வருகிறார். எழுபது தாண்டிவிட்டது, மாடி ஏற மாட்டார். கீழே நின்றே, "அந்தா அந்த மூலைல கருப்பா இருக்குது பாரு கண்ணு, அங்க குச்சி விட்டு நோண்டு" என்பார். அவர் சொன்ன மூலையில்தான் அடைப்பு இருக்கும். குறித்து வைக்க ஒரு நாற்பது பக்க நோட்டு. அந்த நோட்டின் தேதிகள் பிறகு மனு எழுதும்போது பெரிய பலம்.

உதவி செய்ய வருகிறவர்கள்

கொங்கு நாட்டில் பள்ளிக்கு நிலம் கொடுத்த குடும்பம் இல்லாத ஊர் குறைவு. இதே மண்ணிலிருந்துதான் அந்தக் காலத்தில் இரண்டு கல்வி அமைச்சர்கள் போனார்கள். திருப்பூர் தி. சு. அவினாசிலிங்கம் 1946 முதல் 1949 வரை. பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம், காமராஜர் காலத்தில் நிதியையும் கல்வியையும் சேர்த்துக் கையில் வைத்திருந்தார். அப்போது கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார். ஊர்க்காரர்கள் பெஞ்சும், கடிகாரமும், வகுப்பறையும் கொடுத்தார்கள். அந்த வழக்கம் இன்னும் சாகவில்லை.

இன்றைக்கு அதற்கு முறையான வழிகள் இருக்கின்றன. நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர் கட்டினால் மீதியை அரசு போடும். 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாக முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் குறிப்பிட்ட பள்ளிக்கே பணம் தரலாம். 2013 கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் கடந்த மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பனியன் கம்பெனிகளும் நூற்பாலைகளும் நிறைந்த பக்கம் இது, கேட்டால் கிடைக்கும்.

ஒரு அனுபவம். கொடுக்க வருகிறவர்களுக்கு நுழைவு வளைவும், கலையரங்க மேடையும், சுவர் ஓவியமும் பிடிக்கிறது. மனசு நல்ல மனசுதான். கழிப்பறைக் குழாயும் செப்டிக் டேங்கும் அவர்கள் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். அதனால் நாங்கள் அவர்கள் வருவதற்கு முன்பே நோட்டைப் பார்த்து ஒரு பட்டியல் வைத்துக்கொள்கிறோம். ஒரு ஏற்றுமதியாளர் வளைவு கட்டித் தருவதாக வந்தார். மேஸ்திரி அய்யா அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பெண் பிள்ளைகள் கழிப்பறையைக் காட்டினார். கதவில்லாமல் சாக்குப் படுதா தொங்கிக்கொண்டிருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் தச்சர் வந்தார், கதவும் தாழ்ப்பாளும் வந்தன. அதே நேரம், ஊரார் கொடுக்கிறார்கள் என்பதற்காக அரசின் கடமை குறைந்துவிடாது. எல்லாக் காலநிலைக்கும் தாங்கும் கட்டடம், ஆண் பெண்ணுக்குத் தனித்தனிக் கழிப்பறை, குடிதண்ணீர், சுற்றுச்சுவர், எல்லாம் 2009-ன் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே எழுதியிருக்கிறது. அதே சட்டம்தான் மேலாண்மைக் குழுவையும், அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பதையும், பள்ளி வளர்ச்சித் திட்டத்தை அந்தக் குழுவே எழுத வேண்டும் என்பதையும் சொல்கிறது. அந்தத் திட்டத்தில் உங்கள் கூரை இடம்பெற்றால்தான் மேலே போகும் பட்டியலில் அதற்கு இடம்.

மனு நகராவிட்டால் கிராம சபை இருக்கிறது. வருடம் ஆறு நாள், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானப் புத்தகத்தில் பள்ளியின் பெயரோடு ஏறுகிறதா என்று கையெழுத்துப் போடும் முன்பு படித்துப் பாருங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும். எஸ்டிமேட் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்கு ஒரு விண்ணப்பம் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். எங்கள் கோப்பு எந்த மேசையில் இருந்தது என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

மூன்றாம் வகுப்பறையின் கூரை போன வருடம் சித்திரை விடுமுறையில் பிரித்து மாற்றப்பட்டது. ஓட்டில் பாதி பழையதே, தட்டிப் பார்த்து நல்லதாக இருந்ததை மேஸ்திரி அய்யா பொறுக்கி வைத்தார். இந்த ஐப்பசியில் பக்கெட் வைக்கவில்லை. சத்துணவுக் கூடத்தின் கூரைக்கான மனு இன்னும் அலுவலகத்தில் இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை அந்த அக்காவும் நானும் முத்திரை நகலை எடுத்துக்கொண்டு போகிறோம்.